பரண்மேல் இருந்த தொலைநோக்கி



கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் உள்ள ஜி.டி. நாயுடு அருங்காட்சியகத்துக்கு நீங்கள் சென்றிருக்கிறீர்களா? இல்லையென்றால் ஒரு விடுமுறை நாளில் பெற்றோருடன் சென்று வாருங்கள். அங்கே காட்சிப் பொருள்களை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். பார்க்க வந்திருக்கும் பெரியவர்களின் முகங்களையும் சற்றுக் கவனியுங்கள்.

பழைய வானொலிப் பெட்டி ஒன்றின் முன்னால் ஒருவர் நிற்பார். "இதே மாதிரி எங்க வீட்ல இருந்துச்சு!" என்று கூவுவார். அதன் குமிழைத் திருகினால் எப்படிக் கரகரக்கும், வால்வு சூடேறிப் பாட்டு வருவதற்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்றெல்லாம் விவரிப்பார். பக்கத்தில் நிற்கும் அவருடைய மகனோ, மகளோ ஒன்றும் விளங்காமல் விழிப்பார்கள். வெறும் மரப் பெட்டிதானே, இதற்கு ஏன் அப்பாவின் கண் கலங்குகிறது?

கோவைக்கு அருகே கலங்கல் என்னும் ஊரில் 1893-இல் பிறந்த ஜி.டி. நாயுடு, ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று 1941-இல் அறிவித்தவர். உலர் மின்கலத்தில் ஓடும் சவரக் கருவி, மண்ணெண்ணெயில் சுழலும் விசிறி என்று வீட்டுக்கு வேண்டிய பொருள்கள் பலவற்றைச் சிந்தித்துச் செய்தவர். ஒரு காலத்தில் புதுமையாக இருந்தவை இன்று கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன. அவற்றைப் பார்ப்பவர் மனத்தில் ஏதோ ஒன்று அசைகிறது. அந்த அசைவுக்கு அறிவியல் என்ன விளக்கம் தருகிறது? என் வீட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கொண்டே இதை விளக்குகிறேன்.

விலைப்பட்டியல் என்னும் மாயப் புத்தகம்

சென்ற பொங்கலுக்கு முன், காப்புக் கட்டும் நாள் நெருங்கியதால், அவிநாசிப் பக்கம் உள்ள எங்கள் பழைய ஓட்டு வீட்டின் பரணைச் சுத்தம் செய்தோம். ஒரு தகரப் பெட்டி கிடைத்தது. உள்ளே இரண்டு பம்பரம், தேர்க் கடையில் வாங்கிய தகரப் படகு, ஒரு சிறு தொலைநோக்கி, அதற்கு அடியில் பழுப்பேறிய ஒரு புத்தகம். "பழைய பேப்பர்காரன்கிட்டப் போட்டுர்லாமா?" என்று அம்மா கேட்டார். புத்தகத்தைக் கையில் எடுத்தேன். அது வெளியூர் நிறுவனம் ஒன்றின் விலைப்பட்டியல்.

இன்று கைப்பேசியில் விரலால் தள்ளித் தள்ளிப் பொருள்களைப் பார்க்கிறீர்கள். அன்று எங்களுக்கு அந்த வேலையைச் செய்தது இத்தகைய புத்தகம்தான். பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து ஓர் அஞ்சலட்டை எழுதிப் போட்டால் விலைப்பட்டியல் வரும். கைக்கடிகாரம், டார்ச் விளக்கு, ஒளிப்படக் கருவி, காந்தப் பெட்டி என்று பக்கத்துக்குப் பக்கம் படங்கள். வேண்டியதைக் குறிப்பிட்டு எழுதினால் வி.பி.பி.யில் அனுப்புவார்கள். தபால்காரர் பொட்டலத்தை வீட்டு வாசலுக்குக் கொண்டுவருவார். பணத்தைக் கொடுத்தால்தான் பொட்டலம் கைக்கு வரும். இந்த முறை நம் நாட்டில் 1877-லேயே தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் சிகாகோ நகரில் மாண்ட்கோமரி வார்டு என்பவர் 1872-இல் ஒற்றைத் தாளில் அச்சிட்ட விலைப்பட்டியலுடன் அஞ்சல் வணிகத்தைத் தொடங்கினார். அதே நகரின் சியர்ஸ் நிறுவனம் வெளியிட்டுவந்த தடித்த விலைப்பட்டியல் 1993-இல்தான் நின்றது. அங்கும் பிள்ளைகள் அதை மடியில் வைத்துக்கொண்டு, வாங்க முடியாத பொருள்களுக்கெல்லாம் பென்சிலால் வட்டம் போட்டார்கள். ஏக்கம் எல்லா நாட்டிலும் ஒன்றுதான்!

வாசனை திறந்த கதவு

புத்தகத்தை விரித்ததும் முதலில் என்னைத் தாக்கியது அதன் மணம். இலேசான இனிப்பு கலந்த பழைய காகித மணம். அந்தக் கணமே எட்டாம் வகுப்புப் பையனாக வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். இது எப்படி நிகழ்கிறது?

மலிவான காகிதம் மரக்கூழிலிருந்து செய்யப்படுகிறது. மரத்தில் செல்லுலோஸ் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து வைக்கும் பொருளுக்கு லிக்னின் என்று பெயர். காகிதத்தில் தங்கிவிட்ட லிக்னின், ஒளியும் ஆக்சிஜனும் படப்பட மாறுதல் அடைகிறது. மாறிய பொருள் நீல ஒளியை உட்கவர்ந்துகொள்கிறது. வெள்ளொளியில் நீலம் குறைந்தால் எஞ்சுவது மஞ்சள் அல்லவா? அதனால்தான் பழைய தாள் மஞ்சளாகத் தெரிகிறது. இந்தச் சிதைவின்போது எளிதில் ஆவியாகும் பொருள்கள் சில வெளிப்படுகின்றன. அவற்றில் ஒன்று வெனிலின். ஐஸ்கிரீமில் வெனிலா மணம் தருவதும் இதே பொருள்தான்.

இந்த மூலக்கூறுகள் காற்றில் மிதந்து மூக்கின் மேற்பகுதியை அடைகின்றன. அங்கே உள்ள நரம்பணுக்களில் மணத்தை உணரும் ஏற்பிகள் இருக்கின்றன. மனிதருக்கு ஏறத்தாழ 400 வகை ஏற்பிகள் உண்டு. இவற்றுக்குரிய மரபணுக் குடும்பத்தை 1991-இல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்டு ஆக்சல் இருவருக்கும் 2004-இல் நோபல் பரிசு கிடைத்தது.

கண்ணும் காதும் அனுப்பும் செய்திகள் மூளையின் நடுவே உள்ள தலாமஸ் என்னும் சந்திப்பு நிலையத்தைக் கடந்துதான் மேலே செல்ல வேண்டும். மணத்தின் செய்தி அங்கே நிற்பதில்லை. உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலாவுக்கும், நினைவுகளை உருவாக்கும் ஹிப்போகாம்பஸின் அண்டைப் பகுதிக்கும் அது குறுக்கு வழியில் சென்றுவிடுகிறது. மணம் கிளப்பும் நினைவில் உணர்ச்சி மிகுந்திருப்பதற்கு இது ஒரு காரணம் என்கிறார்கள். 2006-இல் ஸ்வீடன் நாட்டில் வில்லாண்டர், லார்சன் என்னும் ஆய்வாளர்கள் முதியோரிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். சொற்களும் படங்களும் பெரும்பாலும் 11 முதல் 20 வயது வரையிலான நினைவுகளைக் கிளப்பின. மணங்களோ பத்து வயதுக்கு உட்பட்ட நினைவுகளை எழுப்பின!

பழையதை எண்ணி ஏங்கும் இந்த உணர்வுக்கு ஆங்கிலத்தில் நாஸ்டால்ஜியா என்று பெயர். 1688-இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் ஜோகன்னஸ் ஹோஃபர் என்னும் மருத்துவ மாணவர் படைத்த சொல் இது. வீடு திரும்புதல், வலி என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களை அவர் இணைத்தார். அவர் அதை ஒரு நோயாகவே கருதினார். அப்படி ஒரு நோய் இல்லை என்று இன்று அறிவோம். ஆனால் அந்த உணர்வு சொல்வதையெல்லாம் அப்படியே நம்பலாமா? இதுதான் நம் கேள்வி.

முழமா, சாணா?

என் தொலைநோக்கியைப் பற்றி ஆண்டுதோறும் வகுப்பில் பெருமையாகச் சொல்வேன். "எட்டாம் வகுப்பில் அப்பா எனக்கொரு தொலைநோக்கி வாங்கித் தந்தார். ஒரு முழ நீளம் இருக்கும். அதில் வியாழனின் நிலவுகளைப் பார்த்தேன். அன்றைக்கே இயற்பியல்தான் படிப்பது என்று முடிவு செய்துவிட்டேன்!" மாணவர்கள் ஆர்வத்தோடு கேட்பார்கள்.

இப்போது அந்தத் தொலைநோக்கி என் கையில் இருக்கிறது. அளவுகோலை எடுத்து அளந்தேன். 21 செ.மீ. முழம் எங்கே, சாண் எங்கே! பாதி நீளத்தைக் காணோம்.

வளர்ந்தவரின் முழம் ஏறக்குறைய 45 செ.மீ.; சாண் அதில் பாதி. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் என் கை சிறியது. அன்று இந்தக் குழல் என் சாணைவிட நீளமாகவே இருந்திருக்கும். நம் உடலையே அளவுகோலாகக் கொண்டு பொருள்களை மதிப்பிடுகிறோம் என்பதைக் காட்டும் சோதனை ஒன்று 2011-இல் ஸ்வீடனில் நடந்தது. 30 செ.மீ. உயரமுள்ள ஒரு பொம்மையின் உடலே தம் உடல் என்று தோன்றும்படி, ஒளிப்படக் கருவியின் உதவியால் சிலரை உணரச் செய்தார்கள். அப்போது சுற்றியுள்ள பொருள்கள் அவர்களுக்கு உள்ளதைவிடப் பெரியவையாகத் தெரிந்தன. படித்த பள்ளிக்கூடத்துக்குப் பெரியவர்கள் மீண்டும் போகும்போது, "அட, இவ்வளவு சின்ன மைதானமா!" என்று வியப்பதைக் கேட்டிருப்பீர்கள். அளவுகோல் வளர்ந்துவிட்டது, மைதானம் அப்படியே இருக்கிறது.

விலைப்பட்டியல் சொன்னதும் வில்லைகள் சொன்னதும்

விலைப்பட்டியலில் என் தொலைநோக்கியின் படம் இருந்தது. "20 மடங்கு பெரிதாகக் காட்டும்" என்று கீழே அச்சிட்டிருந்தார்கள். இதையும் சோதித்துவிடுவோம் என்று குழலைக் கழற்றினேன்.

முன்னால் இருப்பது குவி வில்லை. சன்னலுக்கு எதிரே இருந்த சுவரருகில் அதைப் பிடித்து, வெளியே நின்ற தென்னை மரத்தின் தலைகீழ் உருவத்தைச் சுவரில் விழச் செய்தேன். வில்லைக்கும் சுவருக்கும் இடையே 24 செ.மீ. இதுவே அதன் குவியத் தொலைவு. கண்ணருகே இருப்பது குழி வில்லை. இத்தகைய தொலைநோக்கிக்குக் கலிலியோ வகை என்று பெயர். இதில் குழலின் நீளம், இரு குவியத் தொலைவுகளின் வேறுபாட்டுக்குச் சமம். 24-இலிருந்து 21-ஐக் கழித்தால் 3 செ.மீ. இது குழி வில்லையின் குவியத் தொலைவு. உருப்பெருக்கம் என்பது முன்னதைப் பின்னதால் வகுத்து வருவது. 24-ஐ 3-ஆல் வகுத்தால் 8. ஆக, என் நினைவு நீளத்தை இரு மடங்காக்கியது; விற்றவரோ உருப்பெருக்கத்தை இரண்டரை மடங்காக்கிவிட்டார்!

அன்றிரவு வியாழன் நன்றாகத் தெரிந்தது. திண்ணைத் தூணில் குழலைச் சாய்த்து வைத்துப் பார்த்தேன். ஓரத்தில் நீலமும் சிவப்புமாகக் கலங்கிய ஒரு வெளிச்சப் புள்ளி. நிலவு ஒன்றுகூடத் தெரியவில்லை.

8 மடங்கு உருப்பெருக்கம் உள்ள நல்ல இருகண் நோக்கியை அசையாமல் பிடித்தால் வியாழனின் நிலவுகளைப் பார்த்துவிடலாம். என் கருவியின் குறை வேறு. கண்ணாடி, ஊதா ஒளியைச் சிவப்பொளியைவிட அதிகமாக வளைக்கிறது. எனவே ஒற்றை வில்லையில் எல்லா நிறங்களும் ஒரே இடத்தில் குவிவதில்லை. ஒளிமிக்க பொருளைச் சுற்றி நிறக் கசிவு உண்டாகிறது. அந்தக் கசிவில் மங்கலான நிலவுகள் மறைந்துவிடுகின்றன. இதற்கு நிறப்பிறழ்ச்சி என்று பெயர். விலை உயர்ந்த கருவிகளில் இரு வகைக் கண்ணாடிகளை இணைத்து இக்குறையைப் பெரிதும் நீக்குகிறார்கள்.

அப்படியானால் நான் "பார்த்த" நிலவுகள்? கல்லூரியில் பெரிய தொலைநோக்கியில் பார்த்தவையாக இருக்க வேண்டும். இரண்டு காட்சிகளையும் மனம் ஒட்டவைத்துவிட்டது.

இங்கே கலிலியோவை நினைத்துப் பாருங்கள். 1610 ஜனவரி 7-ஆம் நாள் இரவு, வியாழனுக்கு அருகே மூன்று ஒளிப்புள்ளிகளைக் கண்டார். அவற்றின் இடத்தைத் தாளில் வரைந்து வைத்தார். மறுநாளும், வானம் தெளிந்த மற்ற நாள்களிலும் வரைந்தார். 13-ஆம் நாள் நான்காவது புள்ளியும் தெரிந்தது. நேற்றைய படத்தோடு இன்றைய படத்தை ஒப்பிட்டதால்தான் அவை வியாழனைச் சுற்றும் நிலவுகள் என்பது புலனாயிற்று. வரையாமல் நினைவை மட்டும் நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஓரத்தில் ஒரு கணக்கு

இத்தோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். விலைப்பட்டியலின் அந்தப் பக்கத்தை மறுபடி பார்த்தபோது, ஓரத்தில் நீல மையால் எழுதிய ஒரு கணக்கு கண்ணில் பட்டது.

58 + 9 = 67. அதன் கீழே, "வாரம் 10". அதற்கும் கீழே வரிசையாக ஏழு கோடுகள்.

அது அப்பாவின் கையெழுத்து இல்லை. அக்காவின் கையெழுத்து.

அக்கா அப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனவர். சனிக்கிழமை தோறும் கூலி. அந்தக் கூலியில் வாரம் பத்து ரூபாயாக ஏழு வாரம் எடுத்து வைத்திருக்கிறார். விலை 58 ரூபாய், தபால் செலவு 9 ரூபாய். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, நூற்றுக்கணக்கான மாணவர்களிடம், "அப்பா வாங்கித் தந்தார்" என்று நான் சொல்லிவந்தது இதைத்தான்.

தொலைபேசியில் அக்காவை அழைத்தேன். "ஏனுங்கக்கா, அந்தத் தொலைநோக்கி யார் காசுங்க?" என்று கேட்டேன்.

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு சிரித்தார். "தபால்காரர் வந்தப்ப நான் வேலைக்குப் போயிருந்தேன். அப்பாகிட்டக் குடுத்து வெச்சிருந்தேன். அப்பாதான் எண்ணிக் குடுத்தாரு. நீ பாத்தது செரிதான். போச்சாது போ, கண்ணு."

நான் பார்த்தது சரிதான்! வாசலில் தபால்காரர், அப்பாவின் கையில் ரூபாய் நோட்டுகள். கண் பொய் சொல்லவில்லை. யாருடைய பணம் என்பதைக் கண் பார்க்கவில்லை. அந்த இடைவெளியை மனம் தானாக நிரப்பிக்கொண்டது.

நினைவு எப்படி வேலை செய்கிறது?

நினைவு என்பது பெட்டியில் பூட்டி வைத்த பொருள்போல அப்படியே இருக்கும் என்றுதான் நாம் எண்ணுகிறோம். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிரெடரிக் பார்ட்லெட் இதைச் சோதித்தார். அமெரிக்கப் பழங்குடியினரின் கதை ஒன்றைப் பலரிடம் படிக்கக் கொடுத்து, சில நாள்கள், சில மாதங்கள் கழித்துத் திரும்ப எழுதச் சொன்னார். கதை மாறியிருந்தது. கதையில் வந்த பழங்குடியினரின் தோணி, சாதாரணப் படகாகிவிட்டது. கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பாகிவிட்டது. புரியாத பகுதிகளைத் தமக்குப் பழக்கமான செய்திகளால் நிரப்பியிருந்தார்கள். ஆனால் தாம் மாற்றியதை அவர்கள் அறியவில்லை. 1932-இல் பார்ட்லெட் இதை நூலாக வெளியிட்டார்.

2000-ஆம் ஆண்டில் எலிகளிடம் நடந்த ஓர் ஆய்வு மேலும் ஒன்றைக் காட்டியது. ஒரு நினைவைத் தட்டியெழுப்பும்போது அது சிறிது நேரம் இளகிய நிலைக்கு வருகிறது. பிறகு மீண்டும் உறைகிறது. இளகியிருக்கும்போது அதை மாற்றிவிட முடியும். வெல்லப்பாகைக் காய்ச்சி அச்சில் ஊற்றுவதை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை உருக்கும்போதும் சிறு தூசு கலக்கலாம். வகுப்புக்கு வகுப்பு நான் சொன்ன கதையிலும் இப்படித்தான் ஒவ்வோர் ஆண்டும் ஏதோ ஒன்று கலந்திருக்க வேண்டும். குழல் நீண்டது, நிலவுகள் முளைத்தன. அக்கா கதையில் வரவே இல்லை.

"நீங்க அதுல பாத்திருக்கீங்களாக்கா?" என்றும் கேட்டேன்.

"பாக்காம? நீ தூங்குன பொறகு எடுத்து நிலாவைப் பாப்பேன். நிலாவைச் சுத்தி நீலமா ஒரு கோடு தெரியும். அது இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்குது" என்றார்.

நிறப்பிறழ்ச்சி! பெயர் தெரியாமலே அக்கா அதைச் சரியாகப் பார்த்திருக்கிறார். சரியாக நினைவிலும் வைத்திருக்கிறார். இயற்பியல் படித்த நான் இல்லாத நிலவுகளைச் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லா நினைவும் பொய் என்று நான் சொல்லவில்லை. எது சரி, எது தவறு என்பதை நினைவின் தெளிவை வைத்துச் சொல்ல முடியாது. என் நிலவுகளும் எனக்கு மிகத் தெளிவாகவே தெரிந்தன. பொருளும் அளவும் எழுத்தும் இருந்தால் சோதிக்கலாம்.

நீங்கள் செய்து பாருங்கள்

முதியோரிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால், பத்து வயதிலிருந்து முப்பது வயது வரையிலான நினைவுகளே மற்றக் காலத்தைவிட அதிகமாக வருகின்றன என்பதை உளவியல் ஆய்வுகள் பலமுறை காட்டியுள்ளன. மாணவ நண்பர்களே, நீங்கள் இப்போது அந்தக் காலத்துக்குள்தான் இருக்கிறீர்கள்! ஐம்பது ஆண்டுகள் கழித்து நீங்கள் ஏங்கப்போகும் பொருள்கள் இன்று உங்கள் மேசை மேல் கிடக்கின்றன.

முதலில் ஒரு சிறு சோதனை. நீங்கள் சிறு வயதில் விளையாடி, இப்போது எங்கோ எடுத்து வைத்திருக்கும் ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். அதைப் பார்க்காமலே அதன் நீளம், அகலம், நிறம் ஆகியவற்றைத் தாளில் எழுதுங்கள், படமும் வரையுங்கள். பிறகு பொருளைத் தேடி எடுத்து, அளவுகோல் கொண்டு அளந்து ஒப்பிடுங்கள். உங்கள் தம்பி, தங்கையையும் தனியே எழுதச் சொல்லி மூன்றையும் அட்டவணையாக்குங்கள்.

அடுத்து, உங்களுக்கென்று ஒரு விலைப்பட்டியல் எழுதுங்கள். உங்களுக்கு மிகவும் பிடித்த பத்துப் பொருள்கள் போதும். ஒவ்வொன்றுக்கும் நேராகப் பெயர், அளவு, விலை, வாங்கிய நாள், மணம் ஆகியவற்றைக் குறியுங்கள். கடைசியில் ஒரு கட்டம் விடுங்கள்: யார் வாங்கித் தந்தது? யாருடைய பணம்? இந்தக் கட்டத்தை மட்டும் நீங்களாக நிரப்பிவிடாதீர்கள். வீட்டில் அம்மாவிடம், அப்பாவிடம், அக்காவிடம், பாட்டியிடம் கேட்டு எழுதுங்கள். பென்சில் வேண்டாம், பேனாவால் எழுதி, வெளிச்சம் படாத பெட்டியில் வையுங்கள். இனி காகிதம் மஞ்சளாவது ஏன் என்பதும் உங்களுக்குத் தெரியும் அல்லவா?

நான் அந்த விலைப்பட்டியலைப் பழைய காகிதக்காரரிடம் போடவில்லை. தொலைநோக்கியைத் துடைத்து, தை முதல் வாரத்தில் திருப்பூருக்கு எடுத்துச் சென்றேன். அன்றிரவு அக்கா தன் வீட்டு மொட்டை மாடியில் நின்று நிலாவைப் பார்த்தார். நானும் வாங்கிப் பார்த்தேன். நிலாவின் ஓரத்தில் நீலக் கோடு தெரிந்தது.